ரேடியோ லைசென்ஸிலிருந்து டவர் சோதனை வரை

உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னப் புத்தகம் அது. உள்ளே ரேடியோ வைத்திருப்பவரின் பெயர், விலாசம், பெட்டியைச் செய்த கம்பெனி, மாடல். அடுத்தடுத்த பக்கங்களில் ஆண்டுக்கொரு வில்லையை ஒட்டி, அதன்மேல் தபால் ஆபீஸ் முத்திரை குத்தியிருப்பார்கள். 15 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குச் செய்தியும் கச்சேரியும் நாடகமும் சட்டப்படி கேட்கலாம். கட்ட மறந்தவர் வாசலில் வந்து நிற்கும் லைசென்ஸ் இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1980-களின் நடுவில் இந்தக் கட்டணம் ஒழியும்வரை, லட்சக்கணக்கான வீடுகளில் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்திய லைசென்ஸ் புத்தகம் அது.

இன்றைய ஆய்வாளர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. செல்போன் டவருக்கு எதிர்வீட்டு மொட்டை மாடியில் முக்காலி வைத்து, ஆள் உயரத்தில் ஓர் அளவுக்கருவியைப் பொருத்தி, அங்கே வந்து சேரும் அலையின் அடர்த்தியைக் கணக்கெடுக்கிறார். ரேடியோ அலையை ஆளும் உரிமை அரசிடம் இருந்த காலமெல்லாம் சோதனையும் இருந்தது. ஆனால் அரசு கேட்ட கேள்வி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் பணம் கட்டினாயா என்று கேட்டது. பிறகு பேசுவது யார் என்று கேட்டது. பக்கத்தில் வசிப்பவருக்கு இதனால் ஆபத்து உண்டா என்ற கேள்வி பொது விவாதத்துக்கு வந்ததும், அதற்கென்று ஒரு சோதனை முறை உருவானதும் கடைசியில்தான். சாதாரண மனிதனுக்கு மிக முக்கியமான அந்தக் கேள்வி இவ்வளவு தாமதமாக வந்ததற்கு நம் சட்டங்களின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

கம்பிக்குப் போட்ட சட்டம்

இந்தியத் தந்திச் சட்டம் 1885-ல் வந்தது. மார்க்கோனி கம்பியில்லாமல் சைகை அனுப்பிப் பார்க்க இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. தந்தி அமைக்கும், நடத்தும் உரிமை முழுவதும் அரசுக்கே; வேறு யாராவது செய்ய வேண்டுமானால் அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்பது அதன் 4-ஆம் பிரிவு. கம்பங்களையும் கம்பிகளையும் மனத்தில் வைத்து எழுதிய இந்த வரிதான் பின்னாளில் ரேடியோவுக்கும் தொலைபேசிக்கும் செல்போனுக்கும் நீண்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவில் அலைபரப்பிய ஒவ்வொரு நிலையமும் அந்தப் பிரிவின் நிழலில்தான் நின்றது.

கடலில் கதை வேறாக இருந்தது. அங்கே பாதுகாப்பு முதலிலேயே வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஒரே ரேடியோ ஆப்பரேட்டர் வேலை முடிந்து தூங்கப் போயிருந்தார். அங்கே அபயக் குரலைக் கேட்க ஆளில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா ரேடியோ சட்டம் கொண்டுவந்தது. அலைபரப்பும் ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிமம், ஒவ்வொரு ஆப்பரேட்டருக்கும் சான்றிதழ் என்று ஆனது. பொழுதுபோக்காக அலைபரப்பியவர்களை 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைநீளங்களுக்கு ஒதுக்கினார்கள். துறைமுகங்களில் ரேடியோ இன்ஸ்பெக்டர்கள் கப்பலேறி, கருவி வேலை செய்கிறதா, போதிய தூரம் எட்டுகிறதா என்று பார்த்தார்கள். கையில் அலைநீளம் அளக்கும் கருவியோடு நிலையத்துக்கே போய்ச் சோதிக்கும் தொழில் அங்கிருந்து வளர்ந்தது.

இந்தியாவில் அந்த அக்கறை துறைமுகத்தைத் தாண்டி நகரத்துக்குள் வர வெகுகாலம் பிடித்தது.

சென்னையில் 40 வாட்

ஒலிபரப்பை இங்கே முதலில் தொட்டவர்கள் ஆர்வலர்கள். சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு ஆரம்பமானது. வீட்டில் எரிந்த ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு நகரத்துக்குச் சங்கீதம் போய்ச் சேர்ந்தது. பிறகு 200 வாட் கருவி வந்தது. ஆனால் கேட்பவர்கள் கொடுக்கும் சந்தாவில் ஒரு நிலையத்தை நடத்த முடியவில்லை. 1927-ல் கிளப் கையை விரித்தது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்க வைத்தார்கள். பெட்டி வாங்க வசதியில்லாதவரும் லைசென்ஸ் இல்லாதவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும்வரை இது நடந்தது.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் கம்பெனி இறங்கியது. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927 ஜூலை 23 அன்று பம்பாயிலும் ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. கேட்பவர் அரசுக்குக் கட்டும் 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் 80 சதவீதம் கம்பெனிக்கு. கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர் லைசென்ஸ் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் நாடு முழுக்கச் சில ஆயிரம் பேர்தான். 1930 மார்ச்சில் கம்பெனி கலைந்தது. அரசு எடுத்து நடத்தியது. 1931 அக்டோபரில் மூடிவிடுகிறோம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது.

இந்த அனுபவத்திலிருந்து அரசு கற்ற பாடம் ஒன்றே ஒன்று. லைசென்ஸ் இல்லாமல் கேட்பவரைப் பிடிக்க வேண்டும்.

அதற்காக வந்ததுதான் 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். 1885 சட்டம் அமைப்பதையும் நடத்துவதையும் கட்டுப்படுத்தியது. ஒரு கருவியைச் சும்மா வீட்டில் வைத்திருப்பதை அதனால் எளிதில் தண்டிக்க முடியவில்லை. புதிய சட்டம் உரிமமின்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. முதல் தடவை 100 ரூபாய்வரை, மீண்டும் செய்தால் 250 ரூபாய்வரை அபராதம். சோதனை போடும் அதிகாரத்தையும் தந்தது. 1934 ஜனவரி 1 முதல் அமலானது. அதன்பின் லைசென்ஸ் எண்ணிக்கை வேகமாக ஏறியது. சட்டம் தன் வேலையைச் செய்தது என்று அரசு திருப்திப்பட்டிருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் முழுக்கப் பெட்டியின்மேல் இருந்தது. அலையைப் பரப்பும் கோபுரத்தின் அடியில் வேலை செய்பவரைப் பற்றியோ, அதன் வேலிக்கு வெளியே குடியிருப்பவரைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை.

அலையைத் துரத்திய வண்டிகள்

1939-ல் உலகப்போர் மூண்டது. பொழுதுபோக்காக அலைபரப்பும் ஹாம் ஆர்வலர்களின் உரிமங்களை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொன்னது. ஒரு நிலையம் எங்கிருக்கிறது, யார் பேசுகிறார் என்பதே அப்போது ஒரே கேள்வி.

மூன்று ஆண்டுகளில் அந்தக் கேள்வியைப் பம்பாயில் 22 வயதுப் பெண் ஒருவர் எழுப்பினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தலைவர்கள் எல்லாம் சிறைக்குப் போனபின், உஷா மேத்தாவும் நண்பர்களும் 1942 ஆகஸ்ட் 27 அன்று காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ பேசுவதாக அறிவித்துக்கொண்டது அந்த நிலையம். பத்திரிகைகள் அச்சிட முடியாத செய்திகள் அதில் வந்தன.

மறைந்திருந்து பேசும் நிலையத்தைப் பிடிக்கும் நுட்பம் எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. வளைய வடிவ ஆண்டெனாவைச் சுழற்றினால், ஒரு திசையில் ஒலி மங்கி ஏறக்குறைய மறையும். அந்தத் திசையை வரைபடத்தில் கோடாகப் போட வேண்டும். வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தின் சுற்றுவட்டாரத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். பிறகு வண்டியில் தெருத்தெருவாக நெருங்கலாம். அதற்கு அந்த நிலையம் போதிய நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் காங்கிரஸ் ரேடியோக்காரர்கள் கொஞ்ச நேரமே பேசினார்கள், அடிக்கடி இடம் மாற்றினார்கள். கடைசியில் அவர்களைக் காட்டிக்கொடுத்தது கருவியல்ல. கருவியைச் செய்துகொடுத்த தொழில்நுட்பக்காரரே போலீசுக்குத் துப்புக் கொடுத்தார். நவம்பர் 12 அன்று உஷா மேத்தா கைதானார். நான்கு ஆண்டு தண்டனை பெற்று, 1946-ல் விடுதலையானார்.

விடுதலை பெற்ற இந்தியா இந்தச் சட்டங்களைத் தூக்கியெறியவில்லை. இன்னும் இறுக்கியது. 1949-ல் வந்த திருத்தம் உரிமமற்ற டிரான்ஸ்மிட்டருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்றது. கேட்கும் பெட்டிக்கு 100 ரூபாய் அபராதம், பேசும் பெட்டிக்குச் சிறை. 1952-ல் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு உருவானது. சென்னை உட்பட பல நகரங்களில் அதன் நிலையங்கள் இரவு பகலாக அலைவரிசைகளைக் கேட்டன. ஒதுக்கிய அலைவரிசையில்தான் நிலையம் நிற்கிறதா, பக்கத்து அலைவரிசையில் வழிகிறதா, அழைப்புக் குறியைச் சரியாகச் சொல்கிறதா என்று பதிவு செய்தன. ரேடியோ அலைவரிசைக்கு நாட்டு எல்லை கிடையாது என்பதால், இந்த வேலையை எந்த நாடும் விட்டுவிட முடியாது.

கோபுரத்தின் அடியில்

மத்திய அலை நிலையத்தின் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர், அதன் உச்சியில்தான் எங்கோ ஆண்டெனா இருக்கும் என்று நினைப்பார். உண்மையில் அந்தக் கோபுரம் முழுவதுமே ஆண்டெனா. 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால்பங்கு உயரம் வேண்டுமென்றாலே 75 மீட்டர். அலையேந்தும் இந்த இரும்பைப் பெரும்பாலும் தரையில் நேராக நடுவதில்லை. அடியில் கனத்த பீங்கான் இன்சுலேட்டர் வைத்து அதன்மேல் நிறுத்துகிறார்கள். அலைபரப்பும்போது கோபுரம் முழுக்க உயர் மின்னழுத்தம் இருக்கும். மண்ணில் நின்று தொட்டால் சதை வெந்துபோகும். தூத்துக்குடியில் 200 கிலோவாட்டில் இயங்கும் வானொலி டிரான்ஸ்மிட்டரை நினைத்துப் பார்த்தால் அந்த வேலியும் பூட்டும் எதற்கென்று புரியும்.

இத்தகைய நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை என்பது கையால் தொட்டுப் பார்க்கும் வேலை. டிரான்ஸ்மிட்டர் அலமாரியின் கதவைத் திறந்தால் உயர் அழுத்த மின்சாரம் தானாக நின்றுவிட வேண்டும். அந்த இன்டர்லாக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் கெப்பாசிட்டர்களில் மிச்சம் தேங்கியிருக்கும். எர்த்திங் கம்பியால் அதைத் தரைக்கு இறக்கிய பிறகே உள்ளே கை வைக்கலாம். கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் செம்புக் கம்பிகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களாகப் பரவியிருக்கும். திருட்டுப் போனால் நிலையத்தின் எட்டும் தூரமே குறையும். இரவில் கோபுரத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா, பகலில் விமானிக்குத் தெரியும்படி சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் இருக்கிறதா என்பதும் பட்டியலில் உண்டு.

இந்தச் சோதனைகள் எல்லாம் நிலையத்தில் வேலை செய்பவர்களையும் வானில் பறப்பவர்களையும் காக்க வந்தவை. வேலிக்கு வெளியே இருந்த ஊருக்கு இதில் இடமில்லை. நிலையங்கள் அரசுடையவை, ஊருக்கு ஒதுக்குப்புறமானவை என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

ஊர் பேசத் தொடங்கியபோது

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு, ஒலிபரப்பின் கதவையே திறந்தது. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் எப்.எம். நிலையம் வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

திறந்த கதவுக்குள் நுழைய எத்தனை படிகள்! தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் கடிதம், ஒப்பந்தம், ஆண்டெனா நிற்கும் இடத்துக்குத் தனி அனுமதி, அலைவரிசை ஒதுக்கீடு, இயக்க உரிமம். சமுதாய வானொலியின் பயனுறு திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ உரிமத்துக்கான காத்திருப்புக்கு நல்ல சாட்சி. 1990-களின் இறுதியிலேயே அங்கே ஸ்டூடியோ தயாராகிவிட்டது. உரிமம் இல்லை. அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டபடி காத்திருந்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்றுதான் அவர்கள் குரல் காற்றில் ஏறியது.

காத்திருக்காதவரும் உண்டு. பீகாரின் வைசாலி மாவட்டத்தில் மன்சூர்பூர் கிராமத்து ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் சுமார் 50 ரூபாய்ச் செலவில் டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கழியில் ஆண்டெனா கட்டி, ராகவ் எப்.எம். என்று ஒலிபரப்பினார். ஊரே கேட்டது. பாட்டோடு காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பும் வந்தது. அவருக்கு உரிமம் என்ற ஒன்று வேண்டும் என்பதே தெரிந்திருக்கவில்லை. செய்தி வெளியே பரவியதும் 2006-ல் அதிகாரிகள் வந்து மூடினார்கள்.

மூடியதில் நியாயம் இருந்தது. எப்.எம். அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு அடுத்தபடியே விமானங்கள் வழிகாட்டலுக்கும் பேச்சுக்கும் பயன்படுத்தும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. சரியாக வடிகட்டாத கைவேலை டிரான்ஸ்மிட்டர் தன் இடத்தில் மட்டும் பேசாது, பக்கத்திலும் சிந்தும். அந்தச் சிந்தல் விமானியின் காதில் விழுந்தால் விளையாட்டல்ல. ஆனால் மூட வந்த அரசு, அந்த மனிதரை உட்கார வைத்து, வடிகட்டி பொருத்தி, ஒரு சிறிய உரிமம் தந்து நடத்தச் செய்திருக்கலாம். சோதனை என்பது பூட்டுப் போடுவதோடு முடிவது 1933-ன் பழக்கம். பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய கடல் ஓசை எப்.எம். கடலின் நிலையையும் காற்றையும் சொல்கிறது. விதிப்படி ஒரு சிறிய நிலையம் நின்றால் அதனால் எத்தனை பேருக்குப் பயன் என்பதற்கு அது போதுமான சான்று.

எதிர்வீட்டு மாடி

வேலிக்கு வெளியே இருப்பவரின் கேள்வி கடைசியில் செல்போன் டவர் வழியாக வந்தது. காரணம் எளிது. டவர் ஊருக்கு வெளியே நிற்கவில்லை. வீட்டின் தலையிலேயே வந்து நின்றது. 2011 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கச் சாத்தியமுள்ளவை என்ற பிரிவில் சேர்த்தது. ஆதாரம் குறைவானது என்றும் அதுவே சொன்னது. அச்சம் பரவ முதல் பாதி போதுமாக இருந்தது. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகள் அருகிலுள்ள டவர்களை அகற்றச் சொன்னது.

அதற்குச் சற்றுமுன், 2012 செப்டம்பர் 1 முதல், இந்தியா தன் வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆனது. ஒவ்வொரு டவருக்கும் கம்பெனி தானே சான்று தர வேண்டும்; தொலைத்தொடர்புத் துறையின் களப்பிரிவு அவற்றில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நேரில் போய் அளக்கும்; மீறினால் லட்சக்கணக்கில் அபராதம்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டவருக்கு நேர் கீழே அலை பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கும், ஏனென்றால் ஆண்டெனா கிடைமட்டமாக வீசுகிறது. கவனிக்க வேண்டியது, அதே உயரத்தில் எதிரே நிற்கும் வீட்டின் மாடி. துணி காயப்போடவும் வடாம் பிழியவும் மக்கள் புழங்கும் இடம் அது. ஆய்வாளர் அங்கே ஏறித்தான் அளக்க வேண்டும். ஒரே டவரில் பல கம்பெனிகள் இருந்தால் தனித்தனியாக எல்லோரும் வரம்புக்குள் இருப்பது போதாது; எல்லாவற்றின் பங்கையும் கூட்டியும் வரம்பைத் தாண்டக் கூடாது. தூரம் இரட்டிப்பானால் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகும். இதை மாடிக்காரருக்குச் சொன்னாலே பாதிப் பயம் போகும்.

2017-ல் வந்த தரங் சஞ்சார் இணையதளத்தில் ஒருவர் தன் பகுதி டவர்களைப் பார்க்கலாம்; கட்டணம் செலுத்தித் தன் வீட்டில் அளக்கச் சொல்லியும் கேட்கலாம். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டிய நாட்டில், குடிமகன் ஆய்வாளரைக் கூப்பிடும் நிலை வந்தது பெரிய மாற்றம். 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், 1885-ன் தந்திச் சட்டத்துக்கும் 1933-ன் வயர்லெஸ் சட்டத்துக்கும் பதிலாக வந்தது. உரிமம், அலைவரிசை ஒதுக்கீடு, தண்டனை எல்லாவற்றையும் அது புதிதாக வகுக்கிறது.

இணையதளத்தைத் தேடிப் போக எல்லோராலும் முடியாது. பயப்படுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெரியவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும்தான். டவரானாலும் வானொலிக் கோபுரமானாலும், வாயிற்கதவில் நான்கு தகவல்களைத் தமிழில் எழுதி மாட்ட ஒரு பலகை போதும்: யாருடைய உரிமம், எத்தனை வாட், கடைசியாக அளந்த தேதி, அளவு வரம்பில் எத்தனை பங்கு. அதன் கீழே, அளந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்.